லான்பூ வட்டம் இல்லாத மூன்று ஆண்டுகள்

காங்ஷி பேரரசரின் ஐந்தாம் ஆண்டு, இரண்டாம் மாதம், 9

இன்று காலை லான்பூ வட்ட அலுவலகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். இனி லான்பூ என்றொரு வட்டம் கிடையாது. அதன் நிலம், ஜனம், வரி எல்லாம் பக்கத்துத் தாவ்ஷான் வட்டத்தோடு சேர்ந்தன என்று கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

சேர்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. கடலில் திரியும் பழைய மிங் அரசின் ஆட்கள் எங்களிடம் அரிசியும் உப்பும் வாங்கிவிடக் கூடாதாம். அதற்காக இந்தச் சிங் அரசு கடற்கரையையே காலி செய்யச் சொன்னது. போன குளிர்காலத்தில் மூன்று நாள் கெடு. அப்புறம் வீடுகளுக்குத் தீ. ஊருக்கும் உள்நாட்டுக்கும் நடுவே அகழி வெட்டி, தாண்டுகிறவன் தலை போகும் என்று கல் நட்டுவிட்டார்கள். நாங்கள் தாவ்ஷான் நகருக்கு வந்து, தானியச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் ஒண்டிக் கிடக்கிறோம். எங்கள் வட்ட அலுவலகமும் எங்களைப் போலவே இங்கே ஒரு வாடகைக் கட்டடத்தில் ஒண்டியிருந்தது. இன்று அதுவும் போயிற்று.

என் கணவர் வென் கை அங்கேதான் எழுத்தராக இருந்தார். பலகையை இறக்கியபோது அவர் பார்க்கவில்லை. தம்பி ஷுவோவைக் கூட்டிக்கொண்டு நேற்றே அகழிப் பக்கம் போய்விட்டார். "வேலை போச்சு, வட்டமும் போச்சு. இனிமே எப்ப திரும்பிப் போவோமோ. அப்பாவ மட்டும் அங்க தனியா விட்டுட்டு வர முடியாது மிங்ஷூ" என்றார். மாமனாரின் எலும்புகள் வைத்த தாழி, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. தடுத்துப் பார்த்தேன். கேட்கிற ஆள் இல்லை.

அலுவலகத்தில் வேண்டாமென்று எறிந்த தாள்களை நான் பொறுக்கி வந்தேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன். அப்பா பள்ளி ஆசிரியர். மகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அது வீணாக வேண்டாம்.

இரண்டாம் மாதம், 11

ஷுவோ வந்துவிட்டான். முதுகில் தாழி. ஒரு காலில் செருப்பில்லை.

"அண்ணன் எங்க?" என்றேன்.

"பின்னாடி வர்றான் அண்ணி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சி வைத்தேன், தொடவில்லை. சட்டைக் கையில் கறை. சாம்பல் தண்ணீரில் இரண்டு முறை அலசியும் போகவில்லை. கிழித்து அடுப்புத் துணியாக்கிவிட்டேன். தாழியில் சிறு கீறல்கூட இல்லை.

இரண்டாம் மாதம், 15

மழை. ஆற்றோரம் நாணல் அறுத்தோம். பாய் முடைந்து விற்றால் பிழைக்கலாம் என்கிறார்கள்.

மூன்றாம் மாதம், 2

தாவ்ஷான் வட்ட அலுவலகத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். என்னோடு பெங் அக்கா வந்தாள். உப்பளத்துக்காரி, ஊரிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான். அவளுடைய வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடக்கிறார்.

கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் எழுத்தர் திங் உட்கார்ந்திருந்தார்.

"எந்த வட்டம்?"

"லான்பூ" என்றாள் பெங் அக்கா.

"அப்படி ஒரு வட்டமே இல்லியேம்மா."

"சரி, அப்ப தாவ்ஷான்னு எழுதிக்குங்க. எங்கள உங்களோட சேத்துட்டாங்கன்னு கதவுல ஒட்டியிருக்கே."

"நிலத்ததான் சேத்தாங்க. உங்க பேரு இன்னும் எங்க பதிவுல ஏறல. ஏறாதவங்களுக்கு ஊத்த எனக்கு உத்தரவு இல்ல. அடுத்தவங்க வாங்க."

அவர் கெட்டவரென்று சொல்ல மாட்டேன். சொல்லும்போது அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

என் கணவருக்குக் கஞ்சியில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். வரும்போது கிடைக்க வேண்டுமே என்று உப்புக் கேட்டு வாங்கி வைத்தேன்.

மூன்றாம் மாதம், 19

பெங் அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். ஊர் இடுகாடு தாவ்ஷான்காரர்களுக்கு மட்டும் என்று காவலாளி மறித்தான். ஆற்றங்கரை மணலில் புதைத்தோம். "வெள்ளம் வந்தா இவரு எங்க போவாரு?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள். பிறகு மண்வெட்டியை வாங்கித் தானே மண் தள்ளினாள்.

பட்டினியில் சாவது ஒன்று. செத்த பிறகும் எந்த ஊர்க்காரன் என்று இல்லாமல் கிடப்பது வேறொன்று. இதை நான் பொறுக்கப் போவதில்லை.

ஐந்தாம் மாதம், 6

பாய் முடையும்போது பெண்களுக்கு எங்கள் வட்டத்தின் கதையைச் சொன்னேன். அப்பா பள்ளியில் சொன்னது, எனக்கு மனப்பாடம்.

முதலில் ஜின் அரசு காலத்தில் எங்கள் விரிகுடாவைச் சுற்றி வட்டம் அமைத்தார்கள். தாங் அரசு வந்து அதைக் கலைத்துத் தாவ்ஷானோடு கட்டிவிட்டது. சுங் அரசுக்கு எங்கள் உப்பு மட்டும் வேண்டியிருந்தது. அதனால் ஒரு உப்பு அதிகாரியை அனுப்பியதோடு சரி. யுவான் அரசு அந்த அதிகாரியை மாற்றக்கூட மறந்து போனது. அந்த நூற்றாண்டுகளில் ஒரு வழக்கென்றால் ஆற்றைக் கடந்து தாவ்ஷானுக்கு வர வேண்டும். வழியில் படகு கவிழ்ந்தது, கொள்ளைக்காரன் அடித்தது, வந்து சேர்ந்தால் கதவு மூடியிருந்தது என்று பாட்டன்மார் சொன்ன கதைகள் ஏராளம். கடைசியில் மிங் அரசு காலத்தில், பஞ்சம் வந்த ஒரு வருஷம், மாகாணத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த அதிகாரியின் பல்லக்கை எங்கள் ஜனங்கள் மறித்தார்கள். "எங்களுக்கென்று ஒரு அதிகாரியைக் கொடுங்கள், அவரைத் திட்டவாவது பக்கத்தில் ஆள் வேண்டும்" என்றார்களாம். அந்த மனிதர் சிரித்துவிட்டுத் தலைநகரத்துக்கு எழுதினார். வட்டம் திரும்பி வந்தது.

"அப்ப இது செத்துச் செத்துப் பொழைக்கிற வட்டம்னு சொல்லு" என்றாள் பெங் அக்கா.

"ஆமா."

"அப்ப மறுபடியும் பொழைக்கட்டும். எழுதத் தெரிஞ்சவ நீதான். மனு எழுது."

எழுதிவிட்டேன். ஷுவோ மட்டும் நாணலைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் மாதம், 20

மனு திரும்பி வந்தது. மாவட்டத்துக்கு அனுப்பும் மனுவில் அவரவர் வட்ட அதிகாரியின் முத்திரை இருக்க வேண்டுமாம். வட்டம் வேண்டுமென்று கேட்கும் மனுவுக்கு வட்டத்தின் முத்திரை!

எழுத்தர் திங்கிடமே கேட்டேன்: "ஐயா, இல்லாத வட்டத்துக்கு முத்திரை எங்க போய் வாங்கறது?"

"அது எனக்கும் தெரியலம்மா" என்றார்.

ஏழாம் மாதம், 3

இரண்டாவது மனுவும் திரும்பியது. கணவருடைய குளிர்கால மேல்சட்டைக்குப் பஞ்சு அடைத்தேன். தோள் பக்கம் அவருக்குச் சீக்கிரம் தேயும். இரட்டைத் துணி வைத்திருக்கிறேன்.

பத்தாம் மாதம், 14

தாவ்ஷான் நிலக்கிழார் ஒருவர் கிடங்குக்கு ஆள் அனுப்பியிருந்தார். அவர் வீட்டுப் பண்ணையாட்களாகப் பெயர் எழுதிக்கொண்டால் தாவ்ஷான் பதிவில் ஏறலாம். கஞ்சி உண்டு, இடுகாடு உண்டு. ஆனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வீட்டைவிட்டுப் போக முடியாது. பதினோரு குடும்பம் எழுதிக்கொடுத்துவிட்டது. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஷுவோவும் கிளம்பினான். வாசலில் மறித்தேன்.

"அண்ணன் வந்ததும் பேசி முடிவு பண்ணலாம்" என்றேன்.

"எத்தன நாளைக்கு அண்ணி இதையே சொல்லிட்டிருப்பீங்க? அண்ணன்..."

அதற்குப் பிறகு அவன் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. பாத்திரம் கழுவ ஆற்றுக்குப் போய்விட்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. ஏற்கெனவே கழுவியதையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன் என்று பெங் அக்கா வந்து கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது ஷுவோ கிடங்கிலேயே இருந்தான். பண்ணைக்குப் போகவில்லை.

ஆறாம் ஆண்டு, முதல் மாதம், 1

புத்தாண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டோம். மாமனாரின் தாழிக்கு முன்னால் ஊதுவத்தி வைத்தேன். ஷுவோ இரண்டு வத்தி ஏற்றினான். ஒன்றை எடுத்து அணைத்துவிட்டேன்.

ஆறாம் ஆண்டு, எட்டாம் மாதம், 22

வெள்ளம். ஆற்றங்கரையில் புதைத்த எங்கள் ஆட்களில் பாதிப்பேரைக் காணோம். பெங் அக்கா கரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தாள், கடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

நான்காவது மனுவை இன்று தொடங்கினேன்.

ஏழாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், 8

சந்தையில் செய்தி. எல்லை அகழியைப் பார்வையிட மாகாணத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வருகிறார். கடற்கரையைக் காலியாக வைத்திருப்பதால் லாபமா நஷ்டமா என்று தலைநகரம் கேட்டிருக்கிறதாம். தாவ்ஷான் வழியாகத்தான் போவார். ஜனங்கள் தெருவில் கூடக் கூடாது என்று தண்டோரா போட்டாயிற்று.

கிடங்கில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன்: "கூட்டமா நின்னாத்தான தப்பு? பாய் விக்க உக்காருவோம். சாலை நெடுக, ஆளுக்கொரு இடம். பல்லக்கு வந்ததும் அவங்கவங்க இடத்துலயே மண்டி போடுவோம். யாரும் ஓடி வர வேண்டாம், கத்த வேண்டாம்."

"நான் கத்தாம இருக்கணுமா?" என்றாள் பெங் அக்கா.

"நீதான் அக்கா முக்கியமா."

"யாரு பேசறது?" என்று ஷுவோ கேட்டான்.

"நான்."

"ஒரு பொம்பள பல்லக்க மறிச்சா சாட்டையாலதான் பதில் சொல்வாங்க அண்ணி."

"சொல்லட்டும். முதுகு இருக்கு."

ஒன்பதாம் மாதம், 13

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்தே சாலையின் இரு பக்கமும் எங்கள் ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பாயா என்று காவலர்கள் முறைத்தார்கள், ஆனால் பாய் விற்பது குற்றமில்லையே. குதிரைகள் வந்தன. பிறகு பல்லக்கு. வளைவு திரும்பும் இடத்தில் நான் சாலை நடுவில் மண்டியிட்டேன். எனக்குப் பின்னால் சாலை நெடுக எல்லோரும் மண்டியிட்ட சத்தம் கேட்டது. ஒரு குரல் இல்லை. பெங் அக்கா தலைத்துணியின் நுனியை வாயில் கடித்துக்கொண்டிருந்தாளாம்.

காவலன் சாட்டையை ஓங்கினான். ஒன்று தோளில் விழுந்தது. பல்லக்குத் திரை விலகியது. ஆய்வாளர் வயதானவர், இருமிக்கொண்டே பேசினார்.

"யாரம்மா நீ? எந்த வட்டத்து ஆள்?"

"லான்பூ வட்டம் ஐயா."

கூட வந்த தாவ்ஷான் வட்ட அதிகாரி குனிந்து, "அப்படி ஒன்று இல்லை ஐயா, கலைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று" என்றார்.

"ஐயா, எங்கள இதுக்கு முன்னாடியும் கலைச்சிருக்காங்க" என்றேன். "ஜின் அரசு குடுத்தத தாங் அரசு எடுத்துச்சு. சுங் அரசும் யுவான் அரசும் திருப்பிக் குடுக்கல. மிங் அரசு குடுத்துச்சு. குடுத்த அரசுக்கெல்லாம் எங்க ஜனங்க உப்பும் நெல்லும் குடுத்தாங்க. இந்த அரசும் குடுத்துப் பாக்கட்டும் ஐயா. நாங்க இனாம் கேக்கல. வரி கட்ட ஒரு வாசல் கேக்கறோம்."

அவர் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "வரி கட்ட நிலம் வேண்டுமே. கடலைத் தடுக்கும் கரை உடைந்து, உப்புத்தண்ணீர் ஏறி, வயலெல்லாம் பாழ் என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஜனங்களைத் திருப்பி அனுப்பினால் அங்கே எதைத் தின்பார்கள்? கரை நிற்கிறதா இல்லையா என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?"

தெரிந்துகொள்ள வேண்டுமானால் அகழியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டியவன் தலை போகும்.

பின்னாலிருந்து ஷுவோ எழுந்தான்.

"கரை நிக்குது ஐயா. நான் பாத்தேன்."

நான் திரும்பி அவனை உட்காரச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"வட்டத்தக் கலைச்ச மறுநாள் காலைல பாத்தேன். பெரிய மதகுல ஒரு பலகைதான் போயிருக்கு. மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு. வயல்ல உப்புப் பூக்கல, சர்க்கரைவள்ளிக் கொடி தானா படர்ந்து கெடக்கு. நானும் எங்கண்ணன் வென் கையும் அப்பாவோட தாழிய எடுக்கப் போனோம். திரும்பி வர்றப்ப அகழியில காவல்காரங்க பாத்துட்டாங்க. அண்ணன் தாழிய என் முதுகுல மாட்டி மேல தள்ளி விட்டான். அவன் ஏறறதுக்குள்ள ஈட்டி பாஞ்சிருச்சு. கைய விடாம பிடிச்சிட்டிருந்தேன். அவன்தான் விடச் சொன்னான்."

தாவ்ஷான் அதிகாரி, "மரண தண்டனைக் குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்" என்றார்.

"கேட்டேன்" என்றார் ஆய்வாளர். "பிடித்துக் கட்டுங்கள். நாளை நான் அகழியைத் தாண்டிக் கரையைப் பார்க்கப் போகிறேன். இவன் வழி காட்டட்டும். சொன்னது பொய்யானால் அங்கேயே தலை போகும்."

"மெய்யானா?" என்று கேட்டது பெங் அக்கா. தலைத்துணி வாயிலிருந்து எப்போது விழுந்ததோ.

அவர் திரையை இழுத்துவிட்டார்.

ஒன்பதாம் மாதம், 14

ஷுவோவைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப் போனார்கள். கணவருடைய மேல்சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டேன். தோள் பொருந்தவில்லை.

"அண்ணி, முன்னாலயே சொல்லியிருக்கணும்" என்றான்.

"சொன்ன. நான்தான் கேக்கல" என்றேன்.

ஒன்பதாம் மாதம், 15

ஒன்றும் தெரியவில்லை. பாய் முடைந்தேன்.

ஒன்பதாம் மாதம், 16

ஒன்றும் தெரியவில்லை.

ஒன்பதாம் மாதம், 18

கொண்டு வந்தார்கள். உயிரோடு! மூங்கிலடி நாற்பது. கதவுப் பலகையில் குப்புறப் போட்டுத் தூக்கி வந்தார்கள். தொடையிலும் முதுகிலும் தோல் இல்லை. ஆனால் சிரித்தான்.

"அந்த மனுஷன் கரை மேல ஒரு நாள் முழுக்க நடந்தாரு அண்ணி. செருப்பக் கழட்டி வயல்ல எறங்கி மண்ண எடுத்து நாக்குல வெச்சுப் பாத்தாரு. 'உப்பு இல்ல'ன்னாரு. அப்புறம் ஒரு கெழங்கு தோண்டித் தரச் சொல்லிப் பச்சையாவே தின்னாரு. ராஜாங்கத்துக்கு வழி காட்டினவன் தலைய எடுக்கறதில்ல, தாண்டினதுக்கு அடி மட்டும்னு சொல்லிட்டாரு."

மஞ்சளும் விளக்கெண்ணெயும் அரைத்துப் போட்டேன். அவன் தூங்கினான். நான் கிடங்கின் மூலைக்குப் போய், இத்தனை நாள் அழாததை எல்லாம் அழுதேன். பெங் அக்கா முன்னால் நின்று யாரும் வராமல் பார்த்துக்கொண்டாள்.

எட்டாம் ஆண்டு, முதல் மாதம், 24

உத்தரவு வந்தது. அகழியை மூடலாம். கடற்கரை ஜனங்கள் திரும்பலாம். லான்பூ வட்டம் பழையபடி.

எழுத்தர் திங்தான் கிடங்கு வாசலில் நின்று வாசித்தார். லான்பூ என்று வரும் இடத்தில் மட்டும் குரலை உயர்த்தினார். பண்ணையில் எழுதிக்கொடுத்த பதினோரு குடும்பத்துக்கு விடுதலை உண்டா என்று கேட்டேன். உத்தரவில் இல்லை என்றார். அப்படியானால் அடுத்த மனு அதுதான்.

இரண்டாம் மாதம், 7

அகழிக்கு வந்து சேர்ந்தோம். முன்னே போகிறவர்கள் மண் தள்ளி வழி செய்துகொண்டிருந்தார்கள். ஷுவோ ஒரு இடத்தில் நின்றான். அண்ணன் கையை அவன் விட்ட இடம். அடியில் கோரைப்புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது.

நானே இறங்கினேன். கைதான் சல்லடை. அவருடைய இடுப்பு வாரின் கொக்கி கிடைத்தது. பிறகு மற்றவை. ஆற்றுத் தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, நான் கொண்டு வந்திருந்த புதுத் தாழியில் கால் எலும்பு கீழே, தலை மேலே என்று முறைப்படி அடுக்கினேன். ஆம், தாழியைக் கிளம்பும்போதே வாங்கி வைத்திருந்தேன். ஷுவோவிடம் சொல்லவில்லை.

மாமனாரை அவன் சுமந்தான். கணவரை நான் சுமந்தேன். இருட்டுவதற்குள் ஊர் வந்துவிட்டது. வீடு என்று இருந்த இடத்தில் நான்கு மண்சுவரும் ஒரு பப்பாளி மரமும்.

மூன்றாம் மாதம், 10

புது வட்ட அலுவலகத்துக்குக் கூரை இன்னும் முழுதாக இல்லை. மேசை மட்டும் வந்துவிட்டது. குடும்பங்களைப் பதிகிறார்கள். தலைநகரத்திலிருந்து வந்த எழுத்துக்காரன் புதியவன், எங்கள் பேச்சே அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"குடும்பத் தலைவர்?"

"வென் கை. இறந்துவிட்டார். ஐந்தாம் ஆண்டு, இரண்டாம் மாதம்."

அதைச் சொன்னது என் குரல்தான்.

"ஆண் வாரிசு?"

"கொழுந்தன் இருக்கான். அவனுக்குத் தனிக் குடும்பமா எழுதுங்க, அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். என் வீட்டுக்கு என் பேரப் போடுங்க. லுவோ மிங்ஷூ."

விதவையைத் தலைவியாக எழுதலாமா என்று அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். எழுதலாமாம். என் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டான். தூரிகையை வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.

நான்காம் மாதம், 5

லான்பூ வட்டத்தின் முதல் வழக்கு இன்று நடந்தது. பெங் அக்காதான் வாதி. பக்கத்து உப்பளத்துக்காரன் வாய்க்காலை ஒரு முழம் தன் பக்கம் திருப்பிவிட்டானாம். வட்ட அதிகாரி இளைஞர், வியர்த்துக்கொண்டே கேட்டார். சாட்சி இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்.

பெங் அக்கா அலுவலக வாசலிலிருந்து என் வீடு வரை அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கண்ணில்லாதவன், பால்குடி மறக்காதவன், உப்புக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாதவன். தெருவில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். அலுவலகத்துக்குள்ளும் கேட்டிருக்கும்.

வந்ததும் என் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "மாவட்டத்துக்கு மேல்முறையீடு எழுது மிங்ஷூ. நல்லா உறைக்கிற மாதிரி எழுது."

"வட்ட முத்திரை வேணும் அக்கா. அவருகிட்டயே போய்க் கேக்கணும்."

"கேக்கறேன்! குடுக்க மாட்டேன்னு சொல்லச் சொல்லு பாப்போம்" என்றாள், முகமெல்லாம் பூரித்திருந்தது.

மை அரைத்துக்கொண்டிருக்கிறேன்.